நாற்பத்தேழு நீங்கலாக அனைத்து வயதினருக்கும்

குறிஞ்சாக்கேணி தையற்காரி நஜ்முன் நிஸாவுக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: அவருடைய வயது நாற்பத்தேழு என்பதை ஓர் அரசாங்க அலுவலகம் ஏற்க மறுத்துவிட்டது.

அவர் என் சாச்சி, உம்மாவின் தங்கை. திருகோணமலைக்குப் பஸ்ஸில் போகும்போது, 'அனைத்து வயதினருக்கும் கணினி நிரலாக்கம்' என்ற பதாகையை ஒரு மதிலில் கண்டிருக்கிறார். அரசாங்கம் தரும் பாடசாலைச் சீருடைத் துணி அளந்துதான் கிடைக்கும். போன தவணை மூன்று பிள்ளைகளுக்குச் சட்டைக் கைக்குத் துணி போதாமல் போய், மூன்று தாய்மாருக்கும் முகம் கொடுக்க ஏலாமல் ஒளித்துத் திரிந்தவர் சாச்சி. பிள்ளையின் அளவைத் தட்டினால், எப்படி வெட்டுவது என்று சொல்லும் நிரல் ஒன்றைத் தானே எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இணையத்தில் இருந்த விண்ணப்பப் படிவத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. ஆறு முதல் பதினான்கு வரை மொட்டுகள். பதினைந்து முதல் முப்பத்தைந்து வரை இளைஞர். அறுபதும் அதற்கு மேலும் மூத்தோர். சாச்சி நாற்பத்தேழைத் தட்டினார். 'அப்படி ஒரு வயது இல்லை' என்று சிவப்பில் வந்தது.

நான் கம்பஸில் மூன்றாம் வருடம் கணினிதான் படிக்கிறேன். இந்த அறிவு எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று போராடும் மாணவர் குழுவின் செயலாளரும் நானே. சும்மா இருப்பேனா? சாச்சியைக் கூட்டிக்கொண்டு நேரே அந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்குப் போனேன்.

இணைப்பு அலுவலர் முத்துலிங்கம் மரியாதையான மனிதர். கதிரை போட்டு இருத்தி, தேநீரும் வரவழைத்தார். அனைத்து வயதினர் என்றால், திட்டத்தில் உள்ள வயதினர் அனைவரும் என்று பொருள்கொள்ளும்படி விளக்கினார். அறுபது வயதை அடைவதற்கான காத்திருப்போர் பட்டியலில் சாச்சியின் பெயரைப் பதிந்து, முத்திரை குத்திய துண்டும் தந்தார். இலக்கம் பன்னிரண்டு. பதின்மூன்று வருடம் பொறுத்தால் போதுமாம்.

சாச்சி துண்டைப் பார்க்கவில்லை. முத்துலிங்கத்தின் கணினித் திரையில் இருந்த படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், என்னட்ட ரெண்டு புள்ளையள் வெட்டப் பழகுதுகள். தோள் இவ்வளவெண்டா இப்பிடி வெட்டு, அதைவிடக் கூடினா அப்பிடி வெட்டு எண்டு சொல்லி வெச்சிருக்கன். நடுவில ஒரு அளவுக்குச் சொல்லாம விட்டா, அதுகள் கத்திரிக்கோலோட சும்மா நிக்கும். இதை எழுதினவரும் நடுவில சொல்லாம விட்டுட்டார்."

மூன்று வருடமாக நான் படித்ததை சாச்சி ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

படிவத்தின் நிரலில் இரண்டு வரி மாற்றினால் சரி, தேநீர் ஆற முதல் முடித்துத் தருகிறேன் என்றேன். நிரந்தர ஊழியர் தவிர வேறு யாரும் அதில் கைவைக்க ஏலாது என்றார் அவர். எழுதிய தம்பி ஒப்பந்தம் முடிந்து கட்டாருக்குப் போய்விட்டாராம்.

"இங்க பதினொரு பேர் இருக்கிறீங்கள். ஒருத்தருக்குமா தெரியாது?" மேசைகளை எண்ணிவிட்டுக் கேட்டேன்.

"எப்பிடிப் பிள்ளை தெரியும்? எல்லாருக்கும் முப்பத்தஞ்சுக்கு மேல, அறுபதுக்குக் கீழ. எங்களையும்தான் படிவம் எடுக்குதில்ல. பட்டியலில முதல் பதினொரு பேரும் நாங்கள்தான்." பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏன், நீங்கள் வீட்டில வைச்சே சாச்சிக்குச் சொல்லிக் குடுக்கலாமே?"

எனக்கு நேரமில்லை என்றேன். எங்கள் குழுவுக்குக் கிழமையில் நாலு கூட்டம் இருக்கிறது.

சாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தேநீரைக் குடித்தேன்.

முத்துலிங்கம் மேசை லாச்சியைத் திறந்து, அச்செடுத்து வைத்திருந்த தன்னுடைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். எல்லாம் நிரப்பியிருந்தது. திகதி மட்டும் அவருடைய அறுபதாவது பிறந்தநாள். இன்னும் ஒரு மாதம் கிடந்தது. படித்து முடித்த கையோடு முதல் வேலையாக அந்தப் படிவத்தைத் திருத்துவேன் என்று உறுதி சொன்னார்.

"அறுபதோட நீங்கள் பென்சனில போயிருவீங்களே, சேர்?" என்றார் சாச்சி.

அவர் விண்ணப்பத்தைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். "ஓம், அது சரிதான். இந்தக் கதிரைக்கு வாறவர்தான் மாத்த வேணும்."

"அவருக்கு என்ன வயசு?"

"நாற்பத்தாறு. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அம்மா, அவரைப் பட்டியலில உங்களுக்குப் பின்னாலதான் போடுவன்."