புல்லாங்குழலுக்குள் கேட்ட தாளம்

நுண்ணிய காது தமக்கு வாய்த்திருப்பதாக நம்புகிறவர்கள் அத்துடன் நின்றுவிடுவதில்லை. ஊரும் அதை நம்பவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு அந்த நோய் முற்றியிருந்தது.

சாதாரண சிடியைவிட உயர்தர ஒலித்தட்டில் இசை எவ்வளவு விரிவாகப் பதிவாகிறது என்று தேடித்தேடிப் படித்தேன். அதற்கான கருவியையும் வாங்கி, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தேன். தாலுகா அலுவலகத்தில் பணியாற்றிய என் கணவரோ ஒரு பெரிய டிவிக்காக அதே இடத்தின்மேல் கண் வைத்திருந்தார். எது சிடி, எது உயர்தரம் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டால் அறை எனக்கு, தவறினால் டிவிக்கு என்று முடிவாயிற்று. (இந்த நிபந்தனையை முன்மொழிந்த அறிவாளி நானேதான்.)

தேர்வுக்கு எடுத்துக்கொண்ட புல்லாங்குழல் தட்டில் இரண்டு பதிவுகளும் உண்டு. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்.

எதிர்வீட்டு விசைத்தறிக் கூடம்தான் தடையாக இருந்தது. எட்டுத் தறிகளின் இரைச்சலில் எந்த நுணுக்கம் எடுபடும்? மின்தடை நாளில் தெரு அமைதியாகிவிடும். என் கருவியும் அமைதியாகிவிடும். ஆகவே கூடத்தை நடத்தும் அண்ணாச்சியிடமே சென்று, அரைமணி நேரம் தறிகளை நிறுத்தும்படி கேட்டேன். எனக்காக நிறுத்தியதோடு, சாட்சியாகவும் வந்து அமர்ந்தார்.

ஜன்னல்களைப் போர்வையால் அடைத்தேன். ரிமோட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டேன். பிறகு, கேட்பவர்களைத் தயார்செய்வது ஆசிரியையின் கடமையல்லவா? ஒலியின் ஆழம், அகலம், மௌனம் பற்றி ஒரு முன்னுரை ஆற்றினேன். (சுருக்கமாகத்தான். அண்ணாச்சி இரண்டு காப்பி குடித்து முடித்தார்.)

முதலில் ஒலித்ததை, உயிரில்லாத சிடி என்று தள்ளினேன். இரண்டாவதில் மெய்சிலிர்த்தது.

"இதுதான் உயர்தரம்! குழலுக்கு அடியிலே மெல்லிசா ஒரு தாளம் போகுது. சிடியிலே அது அமுங்கிப்போச்சு."

என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, இதுல ஒத்தப் புல்லாங்குழல் மட்டும்தான்னு நீதானே சொன்ன?"

துண்டை அவிழ்த்தேன். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்கப்படாது. அது நம்ம தறி. அரைமணி முடிஞ்சிட்டுன்னு ஒண்ண ஓட்டிட்டாங்க போல."

எட்டும் சேர்ந்து இரைவதையே கேட்டுப் பழகியவள், ஒற்றைத் தறியின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். போர்வைகளைத் தாண்டி வந்தபோது, சத்தியமாக, இனிமையாகவே இருந்தது. கருவியின் முகப்பில் ஒளிர்ந்த எழுத்துகளை என் கணவர் விரலால் சுட்டினார். நான் மெய்சிலிர்த்தது சிடி பதிவுக்கு.

அந்த வாரமே முன்னறைக்கு டிவி வந்தது. என் கருவி, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பின்னறைக்குப் போனது. மறுதேர்வு வேண்டும் என்று இன்றும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சியிடமும் சொல்லிவைத்தேன்.

"நிறுத்திருதேன் டீச்சர். ஆனா நீங்க பேசுததுக்கு ஒரு மணி நேரம் தனியா வேணும்லா" என்றார்.

வீட்டிலோ, எதிலும் நுணுக்கம் காணும் உரிமையை நான் இழந்துவிட்டேன். ரசத்தில் மிளகு சற்றுத் தூக்கலாகத் தெரிகிறதே என்றால், என் கணவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"மிளகா, தறியா?"

நான் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு, நிதானமாக, மறுபடியும் சுவைத்துப் பார்க்கிறேன்.