ஊதாச் செவ்வந்தி

நீல மைப் போத்தலைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆராய்ச்சியாளர் இளையதம்பி செவ்வந்திப் பாத்தியிலிருந்து நிமிரவும், பணிப்பாளரின் ஜீப் பண்டாரவளைப் பூப்பண்ணைக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

இளையதம்பியும் வேறென்னதான் செய்வார்? செவ்வந்தித் துண்டங்களைக் கொழும்புக்கு அனுப்பி, காமாக் கதிர் பாய்ச்சி எடுத்து நடத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. கதிர் பட்டால் சில செடிகளிலாவது நிறம் மாறும் என்று புத்தகங்கள் சத்தியம் செய்தன. இங்கே இரண்டாயிரம் செடியும் ஒற்றுமையாக அதே இளஞ்சிவப்பில் பூத்து நின்றன. இன்றைக்கும் ஒன்றும் இல்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. அதனால்தான் ஒரே ஒரு பூவுக்கு மை பூசினார்.

"மாஷா அல்லாஹ்! ஊதா!" பணிப்பாளர் ஸஹாப்தீன் பூவை ஆசையாகத் தடவினார். "ரெண்டு வருஷம் வீண் போகல்ல, இளையதம்பி!"

பண்டாரவளை மழைக்கு நேரங்காலம் கிடையாது. நாலு தூறல் விழுந்ததும் பணிப்பாளரின் வெள்ளைச் சட்டைக் கையில் நீலம் சொட்டியது.

"என்ன இது?"

"அது... மழை பட்டால் சாறு கசியிற இனம் சேர்."

"அப்ப சாயமும் எடுக்கலாமே! செடியத் தோண்டுங்க. ஆய்வுகூடத்துக்கு நானே கொண்டு போறன்."

"வேர் பிடிக்கேல்லை சேர்."

"அப்ப பூவ மட்டும் நறுக்கித் தாங்க."

இளையதம்பிக்குப் பொய் தீர்ந்துவிட்டது. போத்தலை எடுத்து நீட்டினார்.

"மை சேர். நான்தான் பூசினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பணிப்பாளரின் முகம் கறுத்தது. "ரெண்டாயிரம் செடியில ஒண்டு கூடவா மாறல்ல? போதும், மூடுங்க!"

பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ரெங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வருகிறவள். மழைக்குத் தலையில் போர்த்தியிருந்த கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயாவத் திட்டாதீங்க, பெரிய ஐயா! பாத்தியில ஒரு கொறையும் இருக்காது. மஞ்சளும் வெள்ளையுமா பூக்குற சீக்குச் செடியெல்லாம், ஐயா வர்றதுக்கு முந்தியே நான் தெனம் வேரோட புடுங்கி வீசிட்டு, நல்ல செடியா பாத்து நட்டு வச்சிர்றேனுங்க!"