வேக அணியில் செல்லதுரை

தன் காலின் பலம் நன்றாகத் தெரிந்திருந்தும், தன்னைவிட வேகமானவர்களோடுதான் போவேன் என்று பெயர் கொடுக்கும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. இவர்களைத் தேடிக் காட்டுக்குப் போகவேண்டாம். எந்த சைக்கிள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும், 'வேக அணி' என்ற செய்திக்குக் கீழே முதல் கட்டைவிரல் இவர்களுடையதுதான். தஞ்சாவூர்ச் சங்கத்துக்கு வாய்த்தவர் செல்லதுரை.

ஆடிப்பெருக்கன்று திருப்பனந்தாளுக்கு அறுபது கிலோமீட்டர் சைக்கிள் பயணம். அங்கே நண்பர் வேம்புவின் மாந்தோப்பில் மதிய விருந்து. நிதான அணி எட்டு மணிக்குக் கிளம்பும், வேக அணி ஒன்பதரைக்கு. பன்னிரண்டு மணிக்கு இரண்டு அணியும் ஒன்றாக முதல் பந்தியில் உட்காரும். வேம்பு வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் முதல் பந்தியோடு தீர்ந்துவிடும் என்பது போன வருடப் பாடம். அந்தப் பொங்கலை நினைத்து ஒரு வாரமாகச் செல்லதுரைக்குத் தூக்கத்திலும் நெய் வாசனை.

"என்னோட நிதான அணியில வந்துடுங்க. பொங்கல் நிச்சயம்" என்றார் அவர் மனைவி அமிர்தம்.

"நிதான அணியில வந்தேன்னு ஆபீஸ்ல எப்படிச் சொல்றது?"

பார்த்தீர்களா, நோய் எங்கே இருக்கிறதென்று?

புதுப் பனியன், முழங்கால் வரை இறுக்கிப் பிடித்த கால்சட்டை, வண்டுக் கண்போல் கறுப்புக் கண்ணாடி, இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று இதயத்தைக் கேட்காமலே சொல்லும் கைக்கடிகாரம், இரண்டு தண்ணீர்ப் பாட்டில், இத்தனையோடும் ஒன்பதரைக்கு வந்து நின்றார். ஓட்டுவதுதான் பாக்கி.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குள் ஐந்து ஆறு, ஐந்து பாலம். செல்லதுரைக்குப் பாலத்துக்கொரு காரணம் கிடைத்தது. வடவாற்றில் டயரை அமுக்கிப் பார்த்தார். வெண்ணாற்றில் யாரும் கூப்பிடாத போனை எடுத்துப் பேசினார். குடமுருட்டிக்கு வருவதற்குள் காரணங்களும் மூச்சும் ஒன்றாகத் தீர்ந்துபோக, கரைபுரண்டு ஓடும் தண்ணீரைப் பக்தியோடு படம் பிடித்தார்.

அணித் தலைவன் ரஞ்சித் திரும்பி வந்தான். "அண்ணே, என் பின்னாடி ஒட்டியே வாங்க. காத்து படாது."

"நீங்க போங்க தம்பி. கணபதி அக்ரஹாரத்துல புடிச்சிடறேன்."

இந்த இனத்தின் தேசிய கீதம் அது. புடிச்சிடறேன். எவரும் எவரையும் பிடித்ததாக வரலாறு இல்லை. கணபதி அக்ரஹாரத்தில் அவரை முந்தியவர், மொபெட்டில் தவிட்டு மூட்டையோடு போன ஒரு கிழவர்.

பன்னிரண்டேகாலுக்கு அமிர்தத்தின் போன். இந்த முறை உண்மையாகவே அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"வேக அணியிலதான்."

"அவங்க இங்க இலையில உக்காந்துட்டாங்க."

"எதிர்காத்து அமிர்தம்."

"ஆடி மாசத்துல கெழக்க போறவங்களுக்கு ஏதுங்க எதிர்காத்து? முதுகுல கைய வெச்சுல்ல தள்ளுது?"

செல்லதுரை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துக் கொடிக்கம்பத்தில் கொடி, அவர் போகவேண்டிய திசையைக் காட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது.

இரண்டரை மணிக்குத் தோப்பு தெரிந்தது. அதுவரை தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளில் ஏறி, தலையைக் குனிந்து, பாட்டில் தண்ணீரை முகத்தில் வியர்வையாகத் தெளித்துக்கொண்டு, புயலாக உள்ளே நுழைந்தார்.

அமிர்தம் ஒரு தொன்னையோடு எழுந்து வந்தார். அதில் சர்க்கரைப் பொங்கல், மேலே இரண்டு முந்திரி. பாவம், அவருக்காக எடுத்துவைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வேம்பு கேட்டார். "வாங்க சார், எந்த அணியில வந்தீங்க?"

செல்லதுரை தொன்னையைப் பார்த்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். நாக்கு ஊறியது. ஆனாலும் அந்த நாக்குதான் சொன்னது:

"வேக அணி."

"அப்படியா? அவங்கதான் முதல் பந்தியிலயே சாப்பிட்டாச்சே" என்ற அமிர்தம், நின்ற இடத்திலேயே அந்தப் பொங்கலைத் தின்று முடித்தார். முந்திரியைக் கடைசியாக.

செல்லதுரைக்குத் தயிர்சாதம் கிடைத்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த மாதம் வேளாங்கண்ணிக்குப் பயணம். பட்டியல் என் கையில்தான் இருக்கிறது. உங்கள் பெயரை எந்த அணியில் எழுதட்டும்? பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

அதானே பார்த்தேன்.