குளவிக்கு ஒரு சான்றிதழ்

பாலக்கோடு வழி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரபாகர் அவர்களுக்கு மாமனார் கிருஷ்ணப்பன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் இரண்டு மாடுகளும் சுகமாக இருக்கிறோம். தக்காளிச் செடிகள் சுகமாக இல்லை. உங்களையும் என் மகள் பிரியதர்ஷினியையும் ஆண்டவன் நல்லபடியாக வைத்திருக்கட்டும். இதற்கு மேல் மரியாதையாக எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பிரியா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் நான் ஒரு பக்கத்துக்கு எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறீர்கள். அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் கோயம்புத்தூருக்கு, உங்கள் கல்லூரி விலாசத்துக்கே, பூச்சியியல் துறை என்று கொட்டை எழுத்தில் போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். வகுப்புப் பிள்ளைகள் முன்னால் பிரிக்க வேண்டாம். வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டாம். பிரியா கண்ணில் இது படக்கூடாது.

முதலில் பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். சித்திரை வெயிலில் என் தக்காளி இலையெல்லாம் பழுத்துச் சுருண்டது. இலைக்கு அடியில் ஊசிமுனை அளவில் சிவப்பாக என்னவோ ஊர்ந்தது. நாலு இலையைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை மாதவராஜிடம் போனேன். இந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் போவோம். சட்டைப்பையில் இலை இருந்தால் விவசாயி, ரசீது இருந்தால் வியாபாரி. அவர் இலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூச்சிதாங்கண்ணா. இத அடிங்க, மூணே நாள்ல சுத்தமாயிடும்" என்றார். அடித்தேன், கூடியது. மறுபடி அடித்தேன், இன்னும் கூடியது. மூன்றாவது முறை அடித்தபோது செடி முழுக்க நூலாம்படை கட்டிவிட்டது. உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்பது நினைவிருக்கிறதா? "அது பூச்சியே இல்ல மாமா. பூச்சிக்கு ஆறு கால்தான். இதுக்கு எட்டு, சிலந்திச் சாதி. நீங்க அடிச்ச மருந்துல இதத் தின்ன வர்ற பூச்சிதான் செத்திருக்கும்." ஊசிமுனையில் நிற்கிற ஒன்றுக்கு எத்தனை கால் என்று எண்ணி முடித்த பிறகுதான் விவசாயி மருந்தடிக்க வேண்டும் என்றால், நாட்டுக்குத் தக்காளி கோயம்புத்தூர் கல்லூரியிலிருந்துதான் வர வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. வெள்ளை ஈயைக் காட்டினால், அது ஈ இல்லை, மூட்டைப்பூச்சிக்குச் சொந்தம் என்கிறீர்கள். கரையானைக் காட்டினால், அது எறும்புக்கு உறவே இல்லை, கரப்பானுக்குப் பங்காளி என்கிறீர்கள். எறும்பும் தேனீயும் குளவியும்தான் ஒரே வகையறாவாம். பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று கண்டால் கடித்துக்கொள்கிறவர்கள் பங்காளியாகத்தான் இருப்பார்கள், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த உயிர் எந்த வகையறா என்று பிரித்து எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிற நீங்கள், அது என் செடியைத் தின்னுமா தின்னாதா என்று முதல் வரியில் எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

அடுத்தது காய்ப்புழு. தலையைக் காய்க்குள் விட்டுக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, நான் வந்தால்கூட நகராமல் தின்கிறது. ஐந்து வருடமாக அடித்த மருந்தைக் கேட்கவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று கேட்டால் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். நூறு புழுவில் தொண்ணூற்றாறு செத்துவிடும், சாகாத நாலு மட்டும் குட்டி போடும், அந்தக் குட்டிகளுக்கும் மருந்து ஏறாது, அப்படியே பெருகிவிடும் என்றீர்கள். அதாவது ஐந்து வருடமாக நான் முதுகில் மிஷினைச் சுமந்து, நோஞ்சான் புழுவையெல்லாம் கழித்துவிட்டு, நல்ல திடகாத்திரமான புழுவாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறேன். மாடு வளர்த்ததில்கூட நான் இவ்வளவு பக்குவம் காட்டியதில்லை. சரி, மருந்தை மாற்றி அடிக்கலாம் என்றீர்கள். மாற்று மருந்தும் வாங்கி வந்துவிட்டேன். அங்கேதான் வந்தது வினை.

மருந்தடிக்கும் பேட்டரி மிஷினை மாட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்தேன். போன புதன்கிழமை எடுக்கப் போனால், மூடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு குளவி மண் சட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. இடுப்பு நூல் மாதிரி, உடம்பு மஞ்சளும் பழுப்புமாக. சட்டியை உடைக்காமல் மூடியைத் திறக்க முடியாது. ஒரு குச்சியை எடுத்து ஓங்கினேன். பின்னாலிருந்து உங்கள் அத்தை சென்னம்மாள் கத்திய கத்தலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

"ஒடச்சிடாதீங்க. வூட்டுல குளவி கட்டுதுன்னா சும்மாவா கட்டும்? செம்மண்ணுல கட்டிருக்குது பாருங்க. பொம்பளப் புள்ள."

உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் இண்டூர்ப் பக்கத்திலும் இதே கதைதான். வீட்டில் குளவி கட்டினால் அந்த வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள். செம்மண் என்றால் பெண், கருப்பு மண் என்றால் ஆண். எங்கள் வீட்டில் அந்த வயதில் இருக்கிற ஒரே பெண் உங்கள் மனைவிதான். என் நிலம் மொத்தமும் செம்மண் மாப்பிள்ளை. இந்த நிலத்தில் ஆயிரம் வருடம் குளவி கட்டினாலும் பெண் குழந்தை மட்டும்தான் பிறக்க முடியும். இதைச் சொன்னதற்கு உங்கள் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேத்திக்குக் கோகிலவாணி என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டாள்.

சரி, படித்த மனிதர் ஒருவர் சொன்னால் அடங்குவாள் என்று நம்பி உங்களுக்குப் போன் போட்டேன். பிரியா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தை நேரடியாகச் சொல்ல முடியாமல், மிஷினில் குளவி கட்டியிருக்கிறது, உடைத்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அய்யோ ஒடைக்காதீங்க மாமா. குளவியில ரெண்டு ரகம் இருக்குது. ஒண்ணு சிலந்தியப் புடிச்சு அடைக்கும், இன்னொண்ணு புழுவப் புடிச்சு அடைக்கும். இது எதுன்னு பாத்துச் சொல்லுங்க." அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற உங்கள் அத்தை போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "காலேஜ்ல பாடம் சொல்ற மாப்பிள்ளையே ஒடைக்க வேணாம்ங்கறாரு" என்று வாசலுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாளுக்கு அப்போதே தெரியும். பொழுது சாய்வதற்குள் பால் சொசைட்டிக்குத் தெரியும். கொட்டகைக்குள் யாரும் மருந்து வாடையோடு நுழையக்கூடாது என்று எனக்குத் தடை வேறு.

புழு அங்கே தின்றுகொண்டிருக்கிறது. நான் என்ன செய்வேன்? அத்தைக்குத் தெரியாமல் குள்ளம்மாளின் வீட்டுக்காரர் பச்சியப்பனிடம் மிஷின் இரவல் வாங்கி விடியற்காலையில் இரண்டு சால் அடித்தேன். மறுநாள் அந்த இரண்டு சாலும் வெந்நீர் ஊற்றியதுபோல் வதங்கிக் கிடந்தன. ஓடிப்போய்க் கேட்டால், "களைக்கொல்லி அடிச்ச மிஷின்தாங்க. ஒருக்கா கழுவித்தான வெச்சிருந்தேன்" என்கிறான். புழு ஒரு மாதத்தில் செய்வதை நான் ஒரே காலையில் செய்து முடித்தேன். உங்கள் அத்தை வந்து வரப்பில் நின்று பார்த்தாள். திட்டவில்லை. "குளவிக் கூட்ட ஒடைக்கப் பாத்தீங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. வெள்ளிக்கிழமை மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை. குளவி மண் எடுத்துக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டி ஓரத்து ஈரம் காய்ந்துவிட்டது. அந்தக் குளவி, மண்ணில்லையே என்று வேலையை நிறுத்தவில்லை. நான் நிலத்துக்காக ஏரியிலிருந்து கொண்டுவந்து கொட்டியிருந்த வண்டல் மண்ணுக்குப் போய் அதை உருட்டி எடுத்துவந்து அடுத்த சட்டியைக் கட்டிவிட்டது. கருப்புச் சட்டி. குள்ளம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். "ஒண்ணு செவப்பு, ஒண்ணு கருப்பு. ஆணொண்ணு பொண்ணொண்ணு. ரெட்டப் புள்ளக்கா" என்றாள். கரண்ட் இல்லாததற்கு எனக்கு இரட்டைப் பேரப்பிள்ளைகள். மின்சார வாரியத்துக்கு நன்றி சொல்லி எழுத வேண்டியதுதான் பாக்கி.

மாப்பிள்ளை, இதுவரை எழுதியது எல்லாம் தக்காளிக்காக வந்த கோபம். இப்போது எழுதப்போவதுதான் விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆவணியில் கரண்ட் மீட்டர் பெட்டியில் ஒரு குளவி கட்டியது. அது உங்களுக்குத் தெரியாது. அப்போதும் உங்கள் அத்தை ஊரெல்லாம் சொன்னாள். அந்த வாரம்தான் பிரியா மாரியம்மன் பண்டிகைக்கு வந்தாள். கோயில் வாசலில் ஐந்து பேர், ஒருத்தர் மாற்றி ஒருத்தர், "எத்தன மாசம் கண்ணு?" என்று கேட்டார்கள். அவள் கெடாவெட்டு விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள். தருமபுரி வரைக்கும் நான்தான் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள், "குளவிக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியாதுப்பா" என்று. நான் கையைக்கூட ஆட்டவில்லை. திரும்பி வந்து அந்தக் கூட்டைக் கொத்தி எறிந்தேன். மீட்டர் பெட்டி உடைந்தது, அபராதம் கட்டினேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

உங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. வருகிற வாரம் டாக்டரிடம் மறுபடி போகிறீர்கள் என்று உங்கள் அத்தை போனில் பேசும்போது அரைகுறையாகக் காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். புழு மருந்துக்குப் பழகிவிட்டது. அந்தச் சிலந்திச் சாதி வெயிலுக்குப் பழகிவிட்டது. ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் பழகிவிட்டது. அந்தக் கேள்விக்கு என் பெண் மட்டும் பழகவில்லை. நானும் பழகவில்லை. ஆறு காலும் இரண்டு சிறகும் வைத்துக்கொண்டு ஒரு ஜந்து வந்து என் பெண்ணைப் பற்றி ஊருக்குச் செய்தி சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

(குளவிக்கு நாலு சிறகு என்று திருத்துவீர்கள். தெரியும். திருத்த வேண்டாம்.)

ஆகவே என் முடிவு இதுதான். உங்கள் கல்லூரி முத்திரை போட்ட தாளில், மேற்படி குளவி இன்ன வகுப்பு, இன்ன வரிசை, இன்ன குடும்பம், அதற்கும் மனிதப் பெண்கள் கர்ப்பம் ஆவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மண்ணின் நிறத்துக்கும் குழந்தைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒரு சான்றிதழ் எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தோடு உங்கள் அத்தை பெயருக்கு அனுப்ப வேண்டும். தமிழில் இருக்க வேண்டும், பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். குள்ளம்மாளுக்கு ஒரு நகல். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் கொட்டகைக்குள் நான் கடப்பாரையோடு நுழைவேன். பிறகு ஐப்பசியில் தீபாவளிக்கு நீங்கள் வரும்போது மாமனார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று யாரிடமும் குறை சொல்லக்கூடாது.

கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்க மாட்டேன். நீங்களும் பிரியாவும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு சீக்கிரம் வர வேண்டும். இண்டூரில் சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
மிகுந்த வருத்தத்துடன்,
மு. கிருஷ்ணப்பன்.

பின்குறிப்பு: தபாலாபீஸ் இன்று லீவு என்பது கடிதத்தை ஒட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். கடப்பாரையை எதற்கும் எடுத்து வைப்போம் என்று கொட்டகைக்குப் போனேன். நீங்கள் பார்க்கச் சொன்னதைப் பார்த்துவிடலாம் என்று ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. குளவி சிலந்தியைக் கொண்டுவரவில்லை. பச்சைப் புழு. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஏழு. ஏழும் நம் காய்ப்புழு மாதிரியேதான் இருந்தன. எந்த மருந்துக்கும் அசையாத புழு அதன் காலிடுக்கில் தொங்கிக்கொண்டு வந்தது. இந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் நீங்கள் படித்த படிப்பை நான் மன்னிக்கிறேன்.

சான்றிதழ் வேண்டாம். வேறு மிஷின் வாங்கிக்கொள்கிறேன். தீபாவளிக்குப் பிரியாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்தச் செய்தியோடு வந்தாலும் சரி, ஒரு செய்தியும் இல்லாமல் வந்தாலும் சரி. இந்த முறை கோயில் வாசலில் அவள் பக்கத்தில் நான் நிற்பேன். யாராவது வாயைத் திறந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. இதை உங்கள் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். கரண்ட் இன்னும் சரியாகவில்லை, நேற்றுக் காலையில் தொட்டி ஓரம் காய்ந்தே கிடந்தது. வண்டல் மண்ணும் காய ஆரம்பித்துவிட்டது. குளவி இரண்டு இடத்துக்கும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பிப் போனது. இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னாலேயே, நேற்றிலிருந்து, காலையும் மாலையும் நான்தான் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் ஊற்றுகிறேன். செம்மண்ணுக்கு ஒரு சொம்பு, கருப்பு மண்ணுக்கு ஒரு சொம்பு.