எதிர்மனைப் புல்லுக்கு ஏற்ற கார்

என் நாட்குறிப்புகளில் கிழித்தெறிய வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. ஓர் ஆயுதபூஜை நாளின் பக்கம். நான் கிழிக்கவில்லை. ஒரு நாள் விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பக்கத்தில் இன்னும் சேற்றுக் கறை இருக்கிறது. (கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதினேன். தலையைக் கழுவவில்லை போலிருக்கிறது.)

அந்த வருஷம் தை மாதம் அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சர்க்கரை. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். "கிளட்ச் கால்தான் போச்சு, பிரேக் கால் இருக்கு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். அதன்பிறகு அவர் எதையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சக்கர நாற்காலியில் கூடம் வரை வருவார். வாசல் கேட்டைத் தாண்ட மாட்டார். கூப்பிட்டால், "யார் பார்க்கறதுக்கு?" என்பார். பகல் முழுவதும் ஜன்னல் கம்பி வழியே எதிரே இருந்த காலி மனையைப் பார்த்தபடி இருப்பார். சாப்பாடு குறைந்தது. பேச்சு அதைவிடக் குறைந்தது. இவர் இப்படி உள்ளேயே இருந்து முடிந்துவிடுவார் என்று பயந்தோம். என் மனைவி செல்வி அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொன்னாள். நான் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ரிமோட் கார் ஒன்று வாங்கி எதிர்மனைப் புல்லில் ஓட்டச் சொன்னால், ஓட்டுவதற்காகவாவது அவர் வெளியே வரத்தானே வேண்டும்?

வேறு யாராவது என்றால் கடைக்குப் போய் வாங்கி வந்திருப்பார்கள். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஒரு போல்ட்டை மூன்று முறை அளக்காமல் விட்டதில்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டீல் ஸ்கேலுடன் மனையில் இறங்கி, இருபது இடங்களில் புல்லை அளந்தேன். காய்ந்த புல். சராசரி இரண்டரை அங்குலம். தெருமுனையில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காதர் பாய் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"இன்னா சார், புல்லுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

பிறகு ரிமோட் கார்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சின்னக் கார் என்றால் புல்லில் வயிறு தட்டி நின்றுவிடும். பெரியதைத் தூக்கவே ஆள் வேண்டும். நடுத்தரம்தான் சரி. ஒரு முழ நீளம், அகலமான சக்கரங்கள், நான்கிலும் இழுவை, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் மூன்று அங்குல இடைவெளி. புல் நீளமாக இருந்தால் அச்சில் சுற்றிக்கொண்டு மோட்டார் எரிந்துவிடும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அதை அடிக்கோடிட்டேன். பதினான்கு கார்களுக்கு ஓர் அட்டவணை போட்டேன். வைகாசி அதில் போயிற்று. ஆனியில் பேட்டரி பற்றி ஒரு சந்தேகம் வந்தது. ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்று தள்ளிவைத்தேன். (ரிமோட் கார் வாங்குவது நல்ல காரியத்தில் சேருமா என்று செல்வியும் கேட்டாள்.) ஆவணியில் மழை பெய்தது.

"என்னங்க, எதிர்மனையைப் பார்த்தீங்களா?" என்றாள் செல்வி.

அரை அங்குலம் கூடுதலாகவே கணக்கில் வைத்திருக்கிறேன் என்று பதில் சொன்னேன். விடியுமுன் ரயிலுக்கு ஓடி, இருட்டியபின் திரும்பி, ஞாயிறெல்லாம் அட்டவணைக்குள் குனிந்திருந்தவன், வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டில் இருந்த மனையைத் தலைதூக்கிப் பார்க்கவில்லை.

ஆயுதபூஜைக்கு முதல்நாள் கார் வந்தது. அப்பா காரைத் தொடவில்லை. ரிமோட்டைத்தான் எடுத்தார். துப்பாக்கி மாதிரிப் பிடி, விரலால் அழுத்த ஒரு விசை, பக்கவாட்டில் குட்டி ஸ்டீயரிங் சக்கரம். அதை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்.

"பூஜை போடாம வண்டி எடுக்கக் கூடாது. நாளைக்கு வாசல்ல வை."

"நீங்க வர்றீங்களாப்பா?"

"டிரைவர் இல்லாம வண்டி எப்படிடா போகும்?"

செல்வி சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

மறுநாள் மாலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகே நாற்காலியில் இருந்தார். காருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லி. தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். காதர் பாயும் வந்திருந்தார். கற்பூரம் காட்டியானதும் அப்பா சொல்லச் சொல்ல நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

லாரிக்கு எலுமிச்சை ஒரு பொருட்டல்ல. இரண்டு கிலோ காருக்கு அது பாறாங்கல். பதினான்கு கார் அட்டவணையில் எலுமிச்சைக்கு நான் கட்டம் போடவில்லை. அப்பா மெதுவாக விசையை அழுத்தினார். சக்கரம் பழத்தின் தோலை உரித்தபடி நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்பா நிறுத்திவிட்டார். ஆறு மாதம் படித்தவன் சும்மா இருக்கலாமா? "முழுசா அழுத்துங்கப்பா" என்றேன்.

அழுத்தினார். கார் பழங்களின் மேலிருந்து எகிறி, வாசல் சரிவில் விழுந்து, தெருவைக் குறுக்காகக் கடந்து மனைக்குள் போயிற்று. அப்போதுதான் நான் மனையைப் பார்த்தேன். இடுப்பளவுப் புல். அது ஒருமுறை விலகி, பிறகு மூடிக்கொண்டது. உள்ளே எங்கோ மோட்டார் முனகியது. சற்று நேரத்தில் அதுவும் இல்லை. எரிந்த வாசனை மட்டும் வந்தது.

"வண்டி மேயப் போயிருக்கு சார். வயிறு ரொம்புனா வந்துரும்" என்றார் காதர் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. முகம் பழையபடி மூடிக்கொண்டது. "உள்ள போலாம்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லுக்குள் ஓடினேன். ஏழாவது எட்டில் தரை இல்லை. மனைக்காரர் ஆனியில் தூண்களுக்குக் குழி தோண்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தாராம். தெருவுக்கே தெரியும், எனக்குத் தெரியாது. மழைத்தண்ணீரும் சேறும் மார்பு வரை. கையை ஊன்றி மேலே ஏறினேன், ஓரடி நகர்ந்தேன், மறுபடியும் சறுக்கினேன்.

"அசையாதடா."

அப்பாவின் குரல். அத்தனை சத்தமாக அதை நான் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவரே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடுத்தெருவுக்கு வந்திருந்தார்.

"அங்க ஒன்பது குழி இருக்கு. நீ ரெண்டாவதுல கெடக்கே. தோண்டுறப்போ தினமும் பார்த்தேன். மேல ஏறு. ஏறிட்டியா? இப்ப ரைட்ல ஒடி. இன்னும் ஒடி. போதும், நேரா வா. மெதுவா."

நான் ஒடித்துத் திரும்பினேன். அவர் மடியில் ரிமோட் அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் விரல்கள் அந்தக் குட்டிச் சக்கரத்தைத் திருப்பின. வலப்பக்கம் திருப்பினால் நான் வலப்பக்கம் போனேன்.

"டிரைவரு வேற வண்டிய எடுத்துகினாரு" என்றார் காதர் பாய்.

ஒரு செருப்புடன் தெருவில் ஏறினேன். அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "சர்வீசுக்கு விடணும்" என்றார்.

மறுநாள் மாலை அவரே கேட்டுக்கு வந்தார். காருக்காக அல்ல. பால்காரரிடம் இடத்தைக் காட்டிக் கதை சொல்வதற்கு. அதற்கு மறுநாள் கேஸ் சிலிண்டர் போடுபவர். பிறகு தெருவில் போனவர் வந்தவர் எல்லோரும். முதல் வாரம் மார்பளவு இருந்த குழி ஐப்பசியில் கழுத்தளவாயிற்று. மார்கழியில் நான் முழுதாக முங்கிப்போனேன். மார்பு வரைதான் என்று ஒருமுறை திருத்தினேன். "முங்கினவனுக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். தை பிறந்து புல் காய்ந்தபின் காதர் பாய் காரை எடுத்து வந்தார். அச்சு முழுவதும் புல் கயிறாகச் சுற்றியிருந்தது. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் மாலைதோறும் கேட்டருகே இருந்தார். பிறகு ஒரு கார்த்திகையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர்கள் வெற்றிலையை மென்றபடி ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வந்து நின்றார்கள். எதிரே வீடு எழும்பியிருந்தது. ஆளுக்கோர் இடத்தைக் கைகாட்டி, அங்கேதானே என்றார்கள். இல்லை, போர்டிகோவின் இரண்டாவது தூண் நிற்கும் இடம் என்றேன்.

"எவ்வளவு ஆழம் மாப்பிள்ளை?" என்று செல்வியின் பெரியப்பா கேட்டார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மார்பளவு, நான்கடி என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

"தலைக்கு மேல ஓரடி மாமா" என்றேன்.