ஐம்பத்தொரு சதவீத அக்கா

நாலாம் கவுன்ட்டர் அதிகாரி ஃபைலைத் திறக்காமலே திருப்பித் தள்ளினார்.

"உள்ளூர்க்காரர் ஒருத்தரையாவது வேலைக்கு வச்சிருக்கணும். அப்பதான் வெளிநாட்டுக் கம்பெனியைப் பதிவு பண்ணுவோம்."

"கம்பெனியே இன்னும் பதிவாகலையே சார். நான் எப்படி ஆள் வைக்கிறது?" என்றார் மேனேஜர்.

"அது உங்க பாடு. அடுத்தது யாரு?"

மேனேஜர், தண்ணீர் பம்பு விற்கும் ஒரு கம்பெனியின் முதல் வெளிநாட்டுக் கிளையைத் திறக்க வந்தவர். வந்து இரண்டு மாதத்தில் அவர் திறந்தது வாடகை அறையின் ஜன்னலை மட்டும்தான். ஊரில் மனைவி வீட்டைக் காலி செய்துவிட்டாள். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாயிற்று. இரண்டு பேருக்கும் விமான டிக்கெட்டும் போட்டாயிற்று.

இந்த நாட்டில் அவருக்குப் பழக்கமான ஒரே ஆள், அந்தப் பதிவு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காதான்.

"அக்கா, எங்க கம்பெனியில வேலைக்குச் சேர்றீங்களா?"

"என்ன வேலை சார்?"

"இப்ப செய்யறதேதான்."

அக்கா ஒப்பந்தத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லையாம். மூன்றாம் நாள் வந்தார்.

"கம்ப்யூட்டர் தெரியும்னு எழுதியிருக்கீங்க. எனக்குத் தெரியாது. அடிச்சிடுங்க."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்க்கா."

"பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

மேனேஜர் அந்த வரியை அடித்தார். திரும்ப வரிசையில் நின்றார். அதிகாரி இந்த முறை ஃபைலைத் திறந்தார். அந்த மட்டுக்கும் முன்னேற்றம்.

"முதலீடு முழுக்க வெளிநாட்டுப் பணமா? அப்படின்னா அமைச்சரக அனுமதி வேணும். எட்டு மாசம் ஆகும்."

மேனேஜர் வக்கீலிடம் ஓடினார். வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு கவலை? ஐம்பத்தொரு சதவீதப் பங்கை உள்ளூர் ஆள் பேருக்கு மாத்திடுங்க. நம்பிக்கையான ஆளா இருந்தா போதும்."

முதலாளிக்குப் போன் போட்டால், "எதையாவது பண்ணித் தொலைங்க, கிளை திறந்தா சரி," என்று வைத்துவிட்டார். நம்பிக்கையான ஆளைத் தேடி மேனேஜர் எங்கே போவார்? துடைப்பத்தோடு அக்கா எதிரில் வந்தார்.

இந்தப் பங்கு ஒப்பந்தம் நாற்பது பக்கம். அக்கா ஒன்பது நாள் படித்தார். தினமும் காலையில் மேனேஜர் அவர் முகத்தைப் பார்ப்பதும், அவர் "இன்னும் இருபது பக்கம் இருக்கு," என்பதுமாகப் பொழுது போயிற்று. ஒருவழியாகக் கையெழுத்தானது. கம்பெனியும் பதிவானது. மேனேஜர் மனைவிக்குப் போன் செய்து, "வேலை முடிஞ்சுது, கிளம்பி வாங்க," என்றார். அந்தச் சந்தோஷம் மதியம் வரை நீடித்தது.

"உங்க விசா செல்லாது," என்றார் அதிகாரி.

"ஏன் சார்?"

"வெளிநாட்டுக் கம்பெனியோட பிரதிநிதின்னு வாங்கின விசா. உங்க கம்பெனிதான் இப்ப உள்ளூர்க் கம்பெனி ஆயிடுச்சே."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சட்டப்படி நடக்க நடக்கத்தான் அவர் சட்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார். வாய்விட்டு அழலாம் போலிருந்தது.

"வழியே இல்லையா சார்? வர்ற ஞாயித்துக்கிழமை என் பொண்டாட்டி பிள்ளை வந்து இறங்கறாங்க."

"இருக்கு. கம்பெனி முதலாளி நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லேன்னா நீங்க ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

வெள்ளிக்கிழமை காலை, மேனேஜர் அக்காவை அழைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கவுன்ட்டரை அடைய மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர்களுக்குப் பின்னால் வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது.

அதிகாரி எழுந்து நின்று அக்காவுக்கு வணக்கம் சொன்னார். மேனேஜருக்கு அவர் ஒருநாளும் எழுந்ததில்லை.

"நீங்கதானேம்மா முதலாளி? இவர் பாக்கற வேலைக்கு நம்ம ஊர்ல ஆளே கிடையாதுன்னு உறுதிமொழி இது. கையெழுத்துப் போட்டீங்கன்னா இப்பவே முத்திரை குத்திடறேன்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார். பேனாவை வாங்கினார்.

அக்கா திரும்பி மாடிப்படி வரை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடினார்.

"என்னக்கா, போடுங்க," என்றார் மேனேஜர்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு சார்," என்ற அக்கா அதிகாரியிடம் திரும்பினார். "ஆனா மூணு மாசமா இவர் வரிசையில நிக்கறதைத் தவிர வேற வேலை பார்த்து நான் பாக்கலை. அதுக்கு நம்ம ஊர்ல ஆளே இல்லைன்னு, இத்தனை பேரைப் பின்னால வச்சுக்கிட்டு எப்படிங்க எழுதறது?"