ஏழாம் நம்பர் சாவடியில் ஒரே ஒரு ஓட்டு

ஒரு காட்டில் ராஜா மாறவில்லை. ஆட்சி மட்டும் மாறிவிட்டது. அதெப்படி என்று கேட்பவர்கள் அந்தக் காட்டின் சட்டப் புத்தகத்தைப் படிக்காதவர்கள். படித்தவர்களுக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

அங்கே நாலு வருஷத்துக்கு ஒரு முறை சிங்கத்தை ராஜாவாகத் தேர்ந்தெடுப்பார்கள். சரியாகப் பாதியில், இரண்டு வருஷம் முடிந்ததும், காட்டுச் சபைக்குத் தனியாக ஒரு தேர்தல் வரும். சிங்கத்தின் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அப்போது சிங்கத்தைத் தொட முடியாது. சபையில் சிங்கத்தின் ஆட்களாக உட்கார்ந்திருக்கும் நரிகளைச் சாத்தலாம். அந்த ஆவணிக் கடைசியில் காடு மொத்தமும் சேர்ந்து நரிகளைச் சாத்து சாத்தென்று சாத்தியது. சபை கரடிகள் கைக்குப் போனது.

முடிவு வந்த அரை மணி நேரத்தில் கிழக்கு வார்டில் ஒரு ரோஜா நிறத் துண்டு மிச்சமில்லை. ரோஜா நரிக் கட்சியின் நிறம், ஊதா கரடிக் கட்சியின் நிறம். எல்லோரும் ரோஜாத் துண்டை நாவல்பழச் சாற்றில் முக்கி, சொட்டச் சொட்டத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். குரங்கு கோமதிநாயகம் முந்தின நாள் வரை நரிக் கட்சியின் வார்டு செயலாளர். அவன் முக்கின அவசரத்தில் கழுத்து, காது, வாய் எல்லாம் ஊதாவாகியிருந்தது. "மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்பு!" என்று கத்திக்கொண்டே பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டான். அது துள்ளிக்கொண்டு போய் வாக்குச்சாவடியின் ஓலைக் கூரையில் விழுந்தது. சாவடி கொழுந்துவிட்டு எரிந்தது.

"எரியட்டும் விடுங்க, பழைய ஆட்சிக்காரன் கட்டினதுதானே!" என்று சொல்லி அதைச் சுற்றியும் நாலு ஆட்டம் போட்டார்கள்.

இத்தனை கூத்திலும் நிஜமான சந்தோஷம் ஒரே ஒருத்திக்குத்தான். அவள் முள்ளம்பன்றி பேச்சியம்மா. அவள் நிஜமாகவே கரடிக்கு ஓட்டுப் போட்டவள்.

அவளுக்குக் கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு வடிகால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நரி சபை அந்த வடிகாலை வெட்டியது. கான்ட்ராக்ட் எடுத்தது பெருச்சாளி. பாறையருகே இடது பக்கம் திரும்பி ஓடையில் போய்ச் சேர வேண்டிய வடிகாலை, திரும்புவதற்குச் சோம்பல்பட்டு நேராக வெட்டிக்கொண்டே வந்து பேச்சியம்மாவின் வளை வாசலில் நிறுத்திவிட்டான். போன ஐப்பசியில் வார்டின் சாக்கடை மொத்தமும் அவள் வளைக்குள் இறங்கியது. குட்டிகள் இரண்டு. தோளில் தூக்கிக்கொள்ளலாம் என்றால் அவள் உடம்பெல்லாம் முள். பதினொரு நாள் மூன்று பேரும் பாறை இடுக்கில் நனைந்துகொண்டு நின்றார்கள். சின்னவனுக்கு அப்போது பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. இன்னொரு ஐப்பசியை அவன் தாங்குவானா என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

அவள் கொடுத்த மனுக்கள் ஒன்பது. ஒன்பதிலும் நரி சபை 'கவனிக்கப்படும்' என்று முத்திரை குத்தியது. தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தது. அதையும் வாங்கிக்கொண்டு, போய்க் கரடிக்குக் குத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பத்தாவது மனுவை எடுத்துக்கொண்டு பல வார்டுகள் சேர்ந்த தொகுதியின் புதுச் சபை உறுப்பினர் கரடி சொரிமுத்து அண்ணாச்சியைப் பார்க்கப் போனாள். ஆலமரத்தடியில் ஏற்கெனவே வார்டே வரிசையில் நின்றது. அண்ணாச்சி கையில் சாவடி வாரியான ஓட்டுக் கணக்கு. அதை ஒரு தடவை பார்த்தார், தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை பார்த்தார்.

"ஏழாம் நம்பர் சாவடி. நரிக்கு நாற்பத்து மூணு, கரடிக்கு ஒண்ணு." அவர் நிமிர்ந்தார். "காடு பூரா நமக்குப் போட்டிருக்கு. இந்த வார்டுல மட்டும் ஒரே ஒரு ஓட்டு. அதைப் போட்ட புண்ணியவான் யாருய்யா? அவன் என்ன கேட்டாலும் செஞ்சு தாரேன்."

நாற்பத்து நாலு கைகள் மேலே போயின.

"நாந்தான் அண்ணாச்சி! பட்டனை அமுக்கினதும் பீப்புன்னு சத்தம் கேட்டுச்சே, இன்னும் காதுல நிக்கி!" என்றான் கோமதிநாயகம்.

பேச்சியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, அது என் ஓட்டு. சத்தியமா நான் போட்டது."

"வரிசையில நில்லும்மா. உனக்கு முன்னாடி நாற்பத்து மூணு பேர் அந்த ஒரு ஓட்டைப் போட்டிருக்காங்க."

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் அண்ணாச்சி. நாற்பத்து நாலு வில்லை கற்பூரம் வந்தது. ஒவ்வொருவராக வந்து, "கரடிக்குத்தான் போட்டேன்" என்று அடித்து அணைத்தார்கள். ஒருத்தர் நாக்கு குழற வேண்டுமே, ஊஹூம். பேச்சியம்மா மட்டும் பயபக்தியோடு நிதானமாக அணைத்ததில் கையைச் சுட்டுக்கொண்டாள்.

கடைசி வில்லை அணைந்ததும் கோமதிநாயகத்துக்கு ஞானம் பிறந்தது. "அண்ணாச்சி, நாங்க நாற்பத்து நாலு பேரும் உங்களுக்குப் போட்டிருக்கோம். கணக்குல ஒண்ணுதான் இருக்கு. அப்போ நாற்பத்து மூணு ஓட்டைத் திருடிட்டானுவ!"

கூட்டம் ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றது. அடுத்த கணம் நிஜமான ஆத்திரத்தோடு எழுந்தது. தான் போடாத ஓட்டு திருடுபோய்விட்டதே என்று முயல் ஒன்று மண்ணில் புரண்டு அழுதது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்ச தேர்தல்லயே நம்ம ஓட்டைத் திருடியிருக்கானுவன்னா, தோத்திருந்தா என்ன பண்ணியிருப்பானுவ!" என்று கொதித்தார். பத்தாவது மனு பேச்சியம்மாவின் கையிலேயே கசங்கியது.

தேர்தல் அதிகாரி ஏகாம்பரம் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த கொக்கு. ஒற்றைக் காலில் நின்று புகாரை முழுக்கக் கேட்டார். "விதி பதினாறின்படி, பதிவான ஓட்டும் செய்த சத்தியமும் ஒத்துப்போகவில்லையென்றால் மறுவாக்குப்பதிவு. ஆனால் சாவடி எரிந்துவிட்டதே. இடம் யார் தருகிறீர்கள்?"

எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். ஊர்க்கால் எல்லாம் தன் வீட்டுக்குள் வந்து போவதை யார் விரும்புவார்கள்? ஏகாம்பரம் விதிகளைப் படித்துக்கொண்டே போனார். "வாசலில் சாய்தளம் வேண்டும். விளக்கு வேண்டும். குடிதண்ணீர்ப் பானை வேண்டும். விதி முப்பத்தொன்பது: சாவடிக்குள் எக்காரணம் கொண்டும் தண்ணீர் புகக் கூடாது."

பேச்சியம்மாவின் முட்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் சிலிர்த்துக்கொண்டன. பக்கத்தில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள்.

"ஐயா, எங்க வளையில வச்சுக்கோங்க," என்றாள்.

ஏகாம்பரம் வந்து பார்த்தார். வடிகாலைப் பார்த்தார், வளையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "விதி மீறல்," என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பினார்.

விடிந்தும் விடியாமலும் பெருச்சாளி கான்ட்ராக்டர் ஆறு ஆட்களோடு ஓடிவந்தான். தேர்தல் வேலை என்றால் அவனுக்கே பயம். இரண்டு வருஷம், ஒன்பது மனு, ஒன்பது முத்திரை. அத்தனைக்கும் அசையாத வடிகால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாறையருகே இடது பக்கம் திரும்பி, ஓடையில் போய் விழுந்தது. வாசலில் சாய்தளம். அந்தி சாய்ந்ததும் மினுக்க இருபது மின்மினிகளைக் கட்டின விளக்கு. முக்கில் ஒரு பானைத் தண்ணீர். பேச்சியம்மா ஈரமில்லாத தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் இரண்டும் வந்தது. குட்டிகள் சாய்தளத்தில் உருண்டு உருண்டு விளையாடின.

பிறகுதான் சுவரில் ஒட்டியிருந்த உத்தரவின் கடைசி வரியைப் படித்தாள். 'தற்காலிக ஏற்பாடு. தேர்தல் முடிவு இறுதியானதும் அனைத்தும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்படும்.'

"ஐயா, வடிகாலையுமா?" என்றாள்.

"வடிகாலைத்தான் முதலில்," என்றார் ஏகாம்பரம். அவர் கெட்டவர் இல்லை. ஃபைலைத் திறந்து வரைபடத்தையே காட்டினார். "இங்கே பாருங்கள். ஃபைலில் ஓடை எங்கே இருக்கிறது?"

நீல மசியில் அவள் வளைக்கு நேராக 'ஓடை' என்று எழுதியிருந்தது.

"ஓடை அங்கிட்டுல்லா ஓடுது, ஐயா! கண்ணால பாக்கீகளே!"

"பார்க்கிறேன் அம்மா. ஆனால் ஃபைலில் நீங்கள்தான் ஓடை. மாற்ற வேண்டுமானால் ஒரு மனு கொடுங்கள்."

ஐப்பசி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுவாக்குப்பதிவன்று பேச்சியம்மாவுக்குத்தான் முதல் ஓட்டு, வீட்டுக்காரியாச்சே. நகத்தில் மை வைத்தார்கள். மறைப்புக்குள் போனாள். பட்டன்கள் இரண்டு. சின்னவன் வெளியே இருமுவது கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நரியை அமுக்கினாள். ஏன் நரி என்று அவளை அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எண்ணி முடித்த பிறகு அவளுக்கே தெளிவாகிவிட்டது.

கரடிக்கு நாற்பத்து மூன்று, நரிக்கு ஒன்று.

அண்ணாச்சி ஆளுயர மாலையோடு வந்தார். வார்டே குதித்தது. ஏகாம்பரம் பேனாவைத் திறந்து, "அப்படியானால் முடிவு இறுதி..." என்று ஆரம்பித்தார். பெருச்சாளி மண்வெட்டியைத் தோளில் ஏற்றி வடிகாலைப் பார்த்து நடந்தான்.

"இருங்க!" என்றாள் பேச்சியம்மா. "நாங்க நாற்பத்து நாலு பேர். அண்ணாச்சி, சத்தியம் வாங்காம முடிச்சா எப்படி?"

அண்ணாச்சிக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த ஒரு துரோகியைக் கண்டுபிடிக்க வேண்டாமா? மறுபடி கற்பூரம் வந்தது. நாற்பத்து மூன்று பேர், வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொல்லி அணைத்தார்கள். அதில் பலருக்கு நாக்கு குழறியது.

கடைசியாகப் பேச்சியம்மா. பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொன்னவளில்லை. "நானும் கரடிக்குத்தான் போட்டேன்," என்று சொல்லிச் சுடரை அடித்தாள். உண்மை சொன்ன அன்றைக்குச் சுட்ட கற்பூரம், இன்றைக்குச் சுடவே இல்லை! அவளுக்கு ஒரு மாதிரி கிறுகிறுவென்று வந்தது. இவ்வளவு லேசான காரியத்தையா இத்தனை வருஷம் செய்யாமல் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒரு ஓட்டைத் திருடிட்டானுவ!" என்று கோமதிநாயகம் கிளையில் ஏறி நின்று அலறினான்.

ஏகாம்பரம் பேனாவை மூடினார். "விதி பதினாறு."

அன்றைக்கு வருத்தப்பட்டவர் காட்டில் யாருமே இல்லை. நரிகள், தங்களுக்கு அந்த வார்டில் அசைக்க முடியாத ஒரு ஓட்டு இருக்கிறது என்று போஸ்டர் அடித்தார்கள். ஒரு சாவடி பாக்கியிருக்கும்வரை புது சபை சபையே அல்ல என்று சிங்கம் குப்புறப் படுத்துத் தூங்கியது. முடிவு வரட்டும், வாக்குறுதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கரடிகள் தேன் எடுக்கப் போய்விட்டார்கள். பெருச்சாளிக்கு வாராவாரம் வேலை.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வார்டின் தண்ணீர் மொத்தமும் இரைந்துகொண்டு வந்து, பாறையருகே மரியாதையாக இடது பக்கம் திரும்பி ஓடைக்குப் போனது. உள்ளே ஓட்டு மறைப்புக்குப் பின்னால் காய்ந்த சருகில் குட்டிகள் தூங்கின. சின்னவனின் இருமல் அந்த வாரம் நின்றது.

இரண்டாவது, மூன்றாவது மறுவாக்குப்பதிவுகளில் நாற்பத்து மூன்று, ஒன்று. நாலாவதிலும் அப்படியே. ஐந்தாவதில் ஏகாம்பரம் படித்தது: கரடிக்கு நாற்பத்து இரண்டு, நரிக்கு இரண்டு.

பேச்சியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று அவளுடையது, இன்னொன்று? மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அந்த விளக்கு வெளிச்சத்தில் இப்போதெல்லாம் பயமில்லாமல் வீடு திரும்பும் முயல், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் நரிக்கு ஏழு. சாவடிப் பானையில் தண்ணீர் பிடித்துப் போகும் அணில்களின் முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். அதற்கடுத்த வாரம் இருபத்தாறு. சாய்தளத்தில் மழைக்கு ஒதுங்கும் கோமதிநாயகம்கூட மறைப்புக்குள் போய் வெகுநேரம் யோசித்துவிட்டு வந்தான். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தனக்கு மட்டும்தான் இந்த மூளை என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

ஒன்பதாவது மறுவாக்குப்பதிவில் நாற்பத்து நாலு ஓட்டும் நரிக்கு விழுந்தது. கற்பூரத் தட்டு வந்தது. மழைச் சத்தத்தையும் மீறி நாற்பத்து நாலு பேரும் ஒரே குரலில், "கரடிக்குத்தான் போட்டோம்!" என்று அடித்து அணைத்தார்கள்.

நீதி: யார் ஜெயித்தாலும் தண்ணீர் நம் வீட்டுக்குள்தான் வரும். ஆகவே யாரையும் ஜெயித்து முடிக்க விடாதீர்கள்.